ஆட்டோ அறிவிப்புகளை வைத்து எம்.ஏ. ஆய்வேடு: ஒலிப்பதிவை எப்படி எழுத்தாக்குவது, எந்தக் கோட்பாட்டில் வைப்பது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் எம்.ஏ. தகவல் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வேடும் ஒரு படைப்பும் கொடுக்க வேண்டும். படைப்பு என்றால் குறும்படம், ஒலிச்சித்திரம், புகைப்படத் தொகுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆய்வுக்கு இன்ஸ்டாகிராமையும் படைப்புக்குக் குறும்படத்தையும் எடுத்திருக்கிறார்கள். நான் எடுத்திருப்பது தெருவில் போகும் ஆட்டோ அறிவிப்பு.

வெங்காய வண்டி, உப்பு வண்டி, பழைய இரும்பு வாங்குகிறவர், ஜவுளிக்கடைத் திறப்பு விழா, நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்லும் மாநகராட்சி வண்டி, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று போன ஆவணி முதல் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இதுவரை 41 பதிவுகள். பெரும்பாலானவை எங்கள் வீட்டு வாசலிலிருந்தே எடுத்தவை. மூன்றை மட்டும் பேருந்து நிறுத்தத்தில் எடுத்தேன்.

எனக்கு இதில் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு வெங்காய வண்டி. அது இப்படித்தான் போகும்:

வெங்காயம் வெங்காயம் வெங்காயம்
மூணு கிலோ நூறு ரூபா
நூறு ரூபாய்க்கு மூணு கிலோ
காஞ்ச வெங்காயம் பெரிய வெங்காயம்
வாங்கம்மா வாங்க

இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒரே செய்திதான். ஆனால் முதலில் கிலோவைச் சொல்லி ரூபாயில் முடிகிறது, அப்புறம் ரூபாயைச் சொல்லி கிலோவில் முடிகிறது. இதை யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கள் அம்மா அந்த மூன்றாவது வரி வரும்போதுதான் அடுக்களையிலிருந்து எழுந்து வருவார்கள். நான் நான்கைந்து முறை கவனித்துவிட்டேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். வழிகாட்டிப் பேராசிரியர் பதிவுகளைக் கேட்டுவிட்டு, "இது நல்ல சேகரிப்பு, ஆனால் இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். சொல்லாட்சி, அதாவது கேட்பவரை இணங்க வைக்கும் பேச்சுக் கலை என்றால் அரிஸ்டாட்டிலிலிருந்து தொடங்கு, பேசுகிறவரின் நம்பகம், உணர்ச்சி, தர்க்கம் மூன்றையும் அட்டவணை போட்டு 41 அறிவிப்புகளிலும் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணு என்றார். எண்ணியும் பார்த்தேன். வெங்காய வண்டிக்கு "தர்க்கம் 2, உணர்ச்சி 1" என்று வந்தது. அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை.

மூன்று கேள்விகள். பேச்சை எழுத்தில் கொண்டுவரும்போது இழுப்பு, இடைவெளி, ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் எப்படிக் குறிப்பது? வேறு எந்தக் கோட்பாடு பொருந்தும்? ஆய்வையும் படைப்பையும் ஒரே பொருளில் செய்யலாமா? நான்கு மாதம் இருக்கிறது.

---

ரேடியோபெட்டி பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நான் ஒலித் தொகுப்பு வேலையில் இருக்கிறேன்.

பிராட் என்று ஒரு மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, இலவசம். குரலின் சுருதி ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும். இடைவெளியை நொடிக்கணக்கில் அளக்கலாம். எலான் என்று இன்னொன்று, நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாருடையது. அதில் ஒலிக்குக் கீழே அடுக்கடுக்காகக் குறிப்பு எழுதலாம்: ஓர் அடுக்கில் சொன்ன சொல், அடுத்ததில் தெருவில் என்ன நடந்தது, அடுத்ததில் யார் வெளியே வந்தார்கள். உங்களுக்கு எலான்தான் அதிகம் உதவும். உங்கள் அம்மா எழுந்து வரும் நொடியை அதில் குறித்துவிடலாம்.

எழுத்துக் குறிகளுக்கு கெயில் ஜெபர்சன் உரையாடல் ஆய்வுக்காக வகுத்த முறை இருக்கிறது. இழுப்புக்கு முக்காற்புள்ளி, இடைவெளிக்கு அடைப்புக்குள் நொடி, அழுத்திச் சொன்னதற்கு அடிக்கோடு. தமிழில் நெடிலும் அளபெடையும் முன்பே இருப்பதால் எல்லாக் குறியும் தேவைப்படாது. ஐந்தாறு குறி எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலேயே விளக்கம் எழுதிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். செல்போனில் இரைச்சல் நீக்கும் வசதி தானாக இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் நாய் குரைப்பதும் மிக்சி ஓடுவதும் போய்விடும். உங்கள் ஆய்வுக்கு அவையும் வேண்டும்.

---

கரிசல்மண் பதில்:

பத்து வருடத்துக்கு முன்னால் மேடைப்பேச்சை வைத்து எம்.பில். செய்தவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன், அதனால் பதில் நீளும்.

"ஆராய்ச்சி எங்கே இருக்கிறது" என்பது உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அம்மா மூன்றாவது வரியில் எழுந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். நீங்கள் எண்ணியது வண்டிக்காரர் சொன்ன சொற்களை. எண்ண வேண்டியது வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த சொற்களை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டோ மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். உங்கள் வாசலுக்கு இந்தப் பக்கம் 30 மீட்டர், அந்தப் பக்கம் 30 மீட்டர் சொல் தெளிவாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டரைக் கடக்க 21 அல்லது 22 நொடி. ஒரு வீட்டுக்கு அந்தப் பேச்சாளர் கொடுக்கும் நேரம் அவ்வளவுதான். மேடையில் பேசுகிறவருக்கு முன்னால் கூட்டம் உட்கார்ந்திருக்கும். இங்கே கூட்டம் உட்கார்ந்த இடத்தில் இருக்க, பேச்சாளர் கடந்து போய்விடுகிறார். எந்த வீட்டுக்கு எந்த வரியில் பேச்சு தொடங்கும் என்பது அவர் கையில் இல்லை.

இப்போது உங்கள் 41 பதிவுகளிலும் ஒரு சுற்று எத்தனை நொடி என்று அளந்து பாருங்கள். அந்த வெங்காயம் பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் முடிகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு வீட்டுக்கும் முழுச் சுற்று ஒரு தடவையாவது விழும். நடுவில் காதில் பட்டாலும் விலை பிடிபடும், ஏனென்றால் விலையை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். தலையும் வாலும் இல்லாத பேச்சு அது, பூத்தொடுப்பது மாதிரி எந்த இடத்தில் நறுக்கினாலும் முழம் முழம்தான். திறப்பு விழா அறிவிப்பையும் அளந்து பாருங்கள். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கி, கடையின் பெருமையைச் சொல்லி, கடை எங்கே இருக்கிறது என்பது எத்தனையாவது நொடியில் வருகிறது?

கோட்பாட்டுக்கு மூன்று பேரைச் சொல்கிறேன்.

லாயிட் பிட்சர் 1968-இல் எழுதிய கட்டுரை, சொல்லாட்சிச் சூழல் பற்றியது. பேச்சைப் பிறப்பிக்கும் தேவை, கேட்பவர், பேசுகிறவரைக் கட்டுப்படுத்தும் நெருக்கடிகள் என்று மூன்றாகப் பிரிப்பார். அந்த 21 நொடி உங்களுக்கு மூன்றாவது வகை.

ரிச்சர்ட் பௌமன் என்ற அமெரிக்க நாட்டார் வழக்காற்று அறிஞர் மெக்ஸிகோவில் சான் மிகுவேல் தே அயெந்தே ஊர்ச் சந்தையில் விற்பனைக் கூவல்களைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார். காய்கறிக்காரரின் குட்டிக் கூவல், மருந்து விற்பவரின் நீண்ட பிரசங்கம், இரண்டும் எங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன என்று பார்க்கிறார். உங்கள் வேலைக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. வழிகாட்டியிடம் முதலில் இதைக் காட்டுங்கள்.

மூன்றாவது, பெர்னார்ட் பேட். 1990-களில் மதுரையில் தங்கி மேடைப்பேச்சை ஆராய்ந்த மானுடவியலாளர். செந்தமிழில் அடுக்குமொழி பேசும் அரசியல் மேடை தொன்றுதொட்டு வந்ததல்ல, 20-ஆம் நூற்றாண்டில் உருவானது என்று விரிவாகக் காட்டியவர். 2016-இல் காலமானார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31-இல் தொடங்கிய பிரசங்கத்திலிருந்து சுதேசி இயக்கத்துப் பேச்சுவரை அவர் கோத்துக்கொண்டு போகும் விதத்தை வாசிக்க வேண்டும். உங்கள் திறப்பு விழா அறிவிப்பின் "அன்பார்ந்த பொதுமக்களே" அந்த மேடை வழியாக வந்தது. "வாங்கம்மா" வேறு வழியாக வந்தது. ஒரே தெருவில் இரண்டும் போகின்றன.

நீங்கள் நெல்லைக்காரர் என்பதால் இன்னொன்று. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் போலீஸ்காரர்கள் குறித்துக்கொண்டு ராஜத்துரோக வழக்கில் தாக்கல் செய்ததுதான். தண்டிக்க நினைத்தவன் எழுதி வைத்த பேச்சைத்தான் இன்றைக்கு நாம் படிக்கிறோம். குரல் எப்படி இருந்தது, எந்த இடத்தில் கூட்டம் கொந்தளித்தது என்பது அதில் முழுதாக இல்லை. எம்.பில்.லில் நான் பட்ட பாடு அது. உங்களிடம் ஒலி இருக்கிறது. அதை வெறும் சொல்லாக இறக்கிவிடாதீர்கள்.

அரிஸ்டாட்டிலை விரட்ட வேண்டாம். கையெழுத்துப் போடுகிறவர் கேட்கிறார், ஓர் இயலில் வைத்துவிடுங்கள். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வகைப் பேச்சில், இனி செய்ய வேண்டியதைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லும் வகை உங்கள் அறிவிப்புகளுக்குப் பொருந்தும். ஆனால் கேட்பவர் கேட்க வந்திருக்கிறார் என்பது அவருடைய அனுமானம். உங்கள் தெருவில் யாரும் கேட்க வரவில்லை. அங்கே குறள்தான் கைகொடுக்கும். சொல்வன்மை அதிகாரத்தில் "கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்" என்று வருகிறது. கேளார் என்பதற்கு உரைகாரர்கள் பகைவர் என்றும் பொருள் சொல்வார்கள். எனக்கு அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, காதில் எதையும் வாங்காமல் இருக்கும் அம்மாதான் நினைவுக்கு வருகிறார். அதோடு அவையறிதல் அதிகாரத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

---

மைக்செட் பழையவர் பதில்:

என் மகன் இதைப் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான்.

நான் 1986-இல் இந்தத் தொழிலுக்கு வந்தேன் ம்மா. அப்போது பென்டிரைவ் கிடையாது. ஆட்டோவில் முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், காலடியில் பேட்டரி, மடியில் ஆம்ப்ளிஃபையர். கையில் மைக்கைப் பிடித்து நேரடியாகப் பேச வேண்டும். சினிமா கொட்டகைக்குத்தான் அதிகம் பேசினேன். பாட்டை இரண்டு வரி ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து, "இன்று முதல் தினசரி நான்கு காட்சிகள்" என்று எடுக்க வேண்டும். பிட் நோட்டீஸுக்குப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள்.

நேரடியாகப் பேசும்போது கண் தெருவில் இருக்கும். அடிபம்பில் பெண்கள் நின்றால் "தாய்மார்களே" என்று வரும். டீக்கடை வந்தால் "ரசிகப் பெருமக்களே". துக்க வீடு இருந்தால் பந்தலைப் பார்த்ததும் மைக்கை அணைத்துவிட்டு, தெருமுனை தாண்டித்தான் மறுபடி போடுவோம். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, அது அப்படித்தான். இன்றைக்குப் பென்டிரைவுக்குக் கண் கிடையாது. ஓட்டுகிறவர் பார்த்து அணைத்தால்தான் உண்டு.

இன்னொன்று. இப்போது ஸ்டுடியோவில் பேசி எக்கோ போட்டுத் தருகிறார்கள். மண்டபத்தில் கேட்க நன்றாக இருக்கும். தெருவில் இரண்டு பக்கமும் சுவர், அதுவே எதிரொலிக்கும். எக்கோவும் அதோடு சேர்ந்தால் சொல் குழம்பிப்போகும். அந்த வெங்காயக்காரர் அநேகமாக செல்போனில் தானே பேசிப் பதிந்திருப்பார். அதனால்தான் உனக்குச் சொல் சுத்தமாகக் கேட்கிறது.

நெல்லைப் பக்கம்தான் இருக்கிறேன். கடைக்கு வந்தால் பழைய ஆம்ப்ளிஃபையர், மைக் எல்லாம் காட்டுகிறேன். என் மகன் தனிச்செய்தியில் முகவரி அனுப்புவான்.

---

நொச்சிப்பூ பதில்:

மூன்றாவது கேள்விக்கு. ஒரே பொருளில் இரண்டையும் செய்வதற்கு நல்ல முன்னுதாரணம் கனடாவில் இருக்கிறது. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் தலைமையில் ஒரு குழு வான்கூவர் நகரத்தின் ஒலிகளைப் பதிவு செய்து, 1973-இல் இசைத்தட்டாகவும் கூடவே ஒரு நூலாகவும் வெளியிட்டது. ஆய்வு எது, படைப்பு எது என்று அதில் பிரிக்கவே முடியாது. நம் நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் வளாக சமுதாய வானொலி தொடங்கிய பிறகு பல கல்லூரிகளில் வானொலி நிலையம் இருக்கிறது. உங்கள் ஊரில் இருந்தால் ஒலிச்சித்திரத்தை அங்கே ஒலிபரப்பக் கேட்டுப் பாருங்கள்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தெருவில் உரக்கச் சொன்னது என்பதற்காக ஒருவருடைய குரலை எடுத்துப் படைப்பில் போட்டுவிடக் கூடாது. வெங்காயக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பேசியவர் வேறு, வண்டி ஓட்டுகிறவர் வேறு என்றால் இரண்டு பேரிடமும். அப்புறம், ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். பெரியவர் சொன்ன பந்தல் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

---

தாமிரபரணிக்கரை பதில்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், காரணம் இருக்கிறது.

கரிசல்மண் ஐயா சொன்னபடி 41-ஐயும் அளந்தேன். வெங்காயம் 11 நொடி. உப்பு 9. பழைய இரும்பு 14. மாநகராட்சித் தண்ணீர் அறிவிப்பு 38. ஜவுளிக்கடைத் திறப்பு விழா 74 நொடி, அதில் கடை இருக்கும் இடம் 52-ஆவது நொடியில் வருகிறது. எங்கள் தெருவில் பதினாறு வீடுகளில் கேட்டேன். கடை திறக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கே என்று நான்கு வீட்டில்தான் சொன்னார்கள். தண்ணீர் அறிவிப்பில் "நாளை" எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, எந்தெந்தப் பகுதி என்பது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. எங்கள் தெரு அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஆனாலும் மொத்தத் தெருவும் அன்றைக்கு ராத்திரி குடம் குடமாகப் பிடித்து வைத்தது. இதை எழுதத் தொடங்கியபோது முதல் இயல் ஒரே நாளில் முடிந்தது.

அப்புறம் ஒரே வண்டியை மூன்று இடத்தில் பதிவு செய்தேன். தெருமுனையில் தங்கச்சி, வாசலில் நான், அடுக்களையில் மிக்சி ஓடும்போது இன்னொரு செல்போன். அடுக்களைப் பதிவில் மிக்சிச் சத்தத்துக்கு நடுவே மிஞ்சியது "நூறு ரூபாய்க்கு மூ" என்பது மட்டும்தான். மீதியை அம்மா தானே நிரப்பிக்கொண்டு எழுந்து போகிறார்கள். வழிகாட்டியிடம் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது தடவை அவரே போடச் சொன்னார். பௌமன் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டார். அரிஸ்டாட்டிலுக்கு ஓர் இயல் என்று பேசி முடித்தாயிற்று. படைப்பு 12 நிமிட ஒலிச்சித்திரம், முழுதும் ஒரு வாசலில் நின்று கேட்கிற மாதிரி.

வெங்காயக்காரரிடமும் கேட்டேன். பெரியவர் சொன்னதுதான் சரி, செல்போனில் அவரே பேசியது. முதலில் கிலோவை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். "எவ்வளவு, எவ்வளவு" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டதால் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். பதிவைப் பயன்படுத்திக்கொள் என்றார், இரண்டு கிலோ வெங்காயமும் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மைக்செட் பெரியவர் கடைக்குப் போனேன். பழைய சினிமா அறிவிப்பைப் பேசிக் காட்டச் சொன்னேன். மைக்கை வாங்கித் துடைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். ஏழு நிமிடம் நிற்காமல் பேசினார். ஆம்ப்ளிஃபையர் இணைப்பில்லை, வெறும் மைக்தான். நடுவில் ஓரிடத்தில் குரல் சட்டென்று தாழ்ந்து, நான்கு வரி முணுமுணுப்பாகப் போய், மறுபடி ஏறியது. தொண்டை கட்டிவிட்டதோ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "இல்லம்மா, அந்த இடத்துல ஆஸ்பத்திரி வரும்" என்றார்.

ரேடியோபெட்டி, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்த ஏழு நிமிடத்தை எலானில் போடும்போது, அவர் மனதில் கடந்து போன தெருக்களுக்கு ஓர் அடுக்கு வைக்க நினைக்கிறேன். அடுத்த வாரம் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, எந்த வரியில் எந்தத் தெரு என்று குறிக்கப் போகிறேன். அந்த அடுக்கை நொடிக்கணக்கோடு தனியாக எடுத்து வரைபடத்தில் பொருத்த எலானில் வழி இருக்கிறதா?